ஒன்பது நாளும் ஏழு மாதமும்

1926 மே 8, சனிக்கிழமை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள பிளிமத் நகரில் ஒரு கால்பந்தாட்டம் நடந்தது. ஒரு பக்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்த தொழிலாளர்கள், எதிர்ப்பக்கம் அந்நகரத்துப் போலீஸார். தொழிலாளர் அணி 2-1 என்ற கணக்கில் ஜெயித்தது. பிரிட்டனின் பொது வேலைநிறுத்தம் என்றதும் அந்நாட்டுக்காரர்கள் விரும்பி எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி இது. அதே சனிக்கிழமை அதே பிளிமத்தில், கருங்காலிகளை வைத்து ஓட்டிய டிராம் வண்டிகளைக் கூட்டம் மறித்ததும், போலீஸ் தடியடி நடத்தியதும் அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை.

கால்பந்துக் கதையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதை மட்டும் கேட்டால், பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியே வந்த போராட்டம், நல்ல மனிதர்கள் இருவருக்குள் வந்துபோன மனத்தாங்கல் போலத் தோன்றிவிடும். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ரயில் ஓட்டினார்கள், லண்டன் ஹைட் பார்க் பால் விநியோகக் கிடங்காக மாறியது, ஒன்பதாம் நாள் எல்லாம் சுமுகமாக முடிந்தது என்பதாக அந்தக் கதை போகும். மே 4-இல் தொடங்கி மே 12-இல் முடியும் கதை அது.

நிலக்கரி ஊர்களில் கணக்கு வேறு. அங்கே சுரங்கக் கதவுகள் மே 1-ஆம் தேதியே மூடப்பட்டிருந்தன. அவை திறந்தபோது நவம்பர் முடிந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில் நார்தம்பர்லாந்து, டர்ஹாம் என்ற இரு மாவட்டங்களில் 1926 என்றால் இந்த ஏழு மாதம்தான். ஒரு நாடு தன் வரலாற்றில் எதை வெட்டி எறிகிறது, ஒரு ஊர் அதை எப்படிப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்கிறது என்பதற்கு இந்த இரு மாவட்டங்களைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

பிரச்சினையின் வேர் சுரங்கத்திலேயே இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் நிலக்கரிக்கு வெளிநாட்டுச் சந்தை சுருங்கியது. 1925 ஏப்ரலில் நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் பவுண்டைப் போருக்கு முந்தைய மதிப்பிலேயே மீண்டும் தங்கத்தோடு பிணைத்தார். ஏற்றுமதிச் சரக்கின் விலை வெளிநாட்டில் ஏறியது. சுரங்க முதலாளிகள் கண்ட வழி, கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்டுவது. மற்றச் சங்கங்கள் சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்றதால் 1925 ஜூலை 31-இல் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் ஒன்பது மாத மானியம் அறிவித்தார். தொழிலாளர்கள் அந்த நாளைச் செவ்வெள்ளி என்று கொண்டாடினார்கள். அரசோ அந்த ஒன்பது மாதத்தையும் ஆயத்தத்துக்குப் பயன்படுத்தியது. நாட்டை மண்டலங்களாகப் பிரித்து ஆணையர்களை நியமித்தது, லாரிகளையும் தன்னார்வலர்களையும் கணக்கெடுத்து வைத்தது. தொழிற்சங்கங்களின் தலைமைப் பேரவையான டி.யு.சி. அப்படி எதையும் செய்யவில்லை. இந்த ஒரு வேறுபாடு பின்னால் நடந்த பலவற்றை விளக்குகிறது.

1926 மார்ச்சில் சர் ஹெர்பர்ட் சாமுவேல் தலைமையிலான ஆணையம், சுரங்கத் தொழிலைச் சீரமைக்க வேண்டும், ஆனால் கூலியையும் குறைத்தாக வேண்டும் என்றது. ஏப்ரல் 30-உடன் மானியம் தீர்ந்தது. புதிய கூலிக்கு ஒப்பாத பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் மீது கதவு அடைக்கப்பட்டது. சங்கத்தின் செயலாளர் ஏ. ஜே. குக் ஊர் ஊராக எடுத்துப்போன கோரிக்கை மிக எளியது: கூலியில் ஒரு பென்னியும் குறையக் கூடாது, வேலையில் ஒரு நிமிடமும் கூடக் கூடாது. மே 3 நள்ளிரவில் ரயில்வே, துறைமுகம், சாலைப் போக்குவரத்து, அச்சகம், இரும்பு எஃகு, கட்டடத் தொழிலாளர்கள் அவர்களுக்கு ஆதரவாக வேலையை நிறுத்தினார்கள். தங்களுக்கென ஒரு கோரிக்கையும் வைக்காமல் இவ்வளவு பேர் வெளியே வந்தார்கள் என்பது இன்று படித்தாலும் மெய்சிலிர்க்க வைக்கிறது.

லண்டனிலிருந்து கட்டளை வந்தது. அதை நடைமுறைப்படுத்தியது உள்ளூர். அங்கங்கே இருந்த டிரேட்ஸ் கவுன்சில்கள், அதாவது ஓர் ஊரிலுள்ள பல சங்கங்களின் கூட்டமைப்புகள், ஒரே இரவில் வேலைநிறுத்தக் குழுக்களாகவும் நடவடிக்கைக் குழுக்களாகவும் மாறின. மறியல் யார் செய்வது, மருத்துவமனைக்கு மின்சாரம் எப்படிப் போவது, ரொட்டி வண்டிக்கு யார் அனுமதிச் சீட்டு தருவது, வதந்தியை எப்படி மறுப்பது என்று எல்லாவற்றையும் அவர்களே தீர்மானித்தார்கள். டி.யு.சி. அனுமதி பெற்றது என்ற அட்டையை ஒட்டிக்கொண்டு லாரிகள் ஓடின. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் மெத்தில் என்ற சிறு துறைமுகம் மோட்டார் சைக்கிள் தூதுவர்களை வைத்து ஊர்களை இணைத்தது. மறியல்காரர்களைப் போலீஸ் தாக்கிய பிறகு அங்கே எழுநூறு பேர் கொண்ட பாதுகாப்புப் படை ஒன்றும் உருவானது. செய்தித்தாள்கள் நின்றுபோயிருந்தன. சர்ச்சில் நடத்திய அரசு ஏடான பிரிட்டிஷ் கெஜட்டுக்குப் பதில் சொல்ல டி.யு.சி. கொண்டுவந்த பிரிட்டிஷ் ஒர்க்கர் எல்லா ஊர்களையும் எட்டவில்லை. அந்த இடைவெளியை ஸ்டென்சில் வெட்டி உருளையில் ஓட்டிய உள்ளூர்த் துண்டறிக்கைகள் நிரப்பின.

அந்தத் துண்டறிக்கைகளால்தான் இன்று உள்ளூர் வரலாறு எழுத முடிகிறது. வேலைநிறுத்தம் முடிந்த கையோடு எமில் பர்ன்ஸ் என்பவர் நாடெங்கும் உள்ள டிரேட்ஸ் கவுன்சில்களுக்குக் கேள்விகள் அனுப்பி, வந்த பதில்களை அந்த ஆண்டே நூலாக்கினார். போராட்டத்தின் சூடு ஆறும் முன்பே எடுக்கப்பட்ட அந்தக் கணக்கெடுப்பு இல்லையென்றால் எத்தனையோ ஊர்களின் மே மாதம் காற்றோடு போயிருக்கும்.

வடகிழக்குக்கு வருவோம். நியூகாசிலில் நார்தம்பர்லாந்து - டர்ஹாம் கூட்டு வேலைநிறுத்தக் குழு அமைந்தது. அதன் திட்டத்தை வகுத்தவர் தொழிலாளர் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபின் பேஜ் ஆர்னட். கதவடைப்பு தொடங்கிய தருணத்தில் டர்ஹாம் வந்தவர், சாப்வெல் என்ற சுரங்க ஊரின் தோழர்களோடு உட்கார்ந்து, எந்தச் சங்கமும் தனித்தனியாக அனுமதி கொடுத்துக் குழப்பாமல் வட்டாரம் முழுவதும் ஒரே கையின்கீழ் வரவேண்டும் என்று எழுதினார். அரசு நியூகாசிலுக்கு அனுப்பிய ஆணையர் சர் கிங்ஸ்லி வுட். துறைமுகத்தில் உணவுச் சரக்கு இறக்குவது சிக்கலானபோது அவரே வேலைநிறுத்தக் குழுவைச் சந்தித்துப் பேசினார். அரசின் பிரதிநிதி, அரசு ஏற்க மறுக்கும் ஒரு குழுவிடம் பேச்சு நடத்தினார் என்ற செய்தி பரவியதும், நாடாளுமன்றத்தில் அதற்கு மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தச் சந்திப்பில் உண்மையில் என்ன நடந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வழக்கு இருக்கிறது. பேஜ் ஆர்னட் எழுதிய நூலைப் படித்தால், அதிகாரம் கைமாறும் நிலைக்கே வந்துவிட்டதாகத் தோன்றும். 1970-இல் வடகிழக்கின் பொது வேலைநிறுத்தத்தைத் தனி ஆய்வாக வெளியிட்ட ஆன்டனி மேசன் அந்தச் சித்திரத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். குழுவின் பிடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகியிருக்கவில்லை என்பதற்கு அவர் தந்த சான்றுகளை ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம் பேஜ் ஆர்னட் அந்த அறையில் இருந்தவர்களோடு இருந்தவர். போராடியவரின் சாட்சியத்தில் நம்பிக்கை கொஞ்சம் முந்திக்கொள்வது இயல்பு. அதற்காக, தடுமாறி நின்ற ஆணையர் குழுவைத் தேடி வந்தார் என்ற உண்மை சிறியதாகிவிடாது.

சாப்வெல் தனியாகச் சொல்லப்பட வேண்டிய ஊர். கான்செட் இரும்புக் கம்பெனிக்குச் சொந்தமான அதன் சுரங்கத்தில் 1925 கோடையிலிருந்தே தகராறு. நாடு முழுவதும் கதவடைப்பு வந்தபோது அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே பல மாதம் கூலியின்றி இருந்தார்கள். பத்திரிகைகள் அதைக் குட்டி மாஸ்கோ என்று பயமுறுத்தின. ஊராட்சி கட்டிய வீட்டு வரிசைகளுக்கு மார்க்ஸ் டெரஸ், லெனின் டெரஸ் என்று பெயர். அந்தப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. சுரங்கச் சங்கத்தின் பதாகையில் மார்க்ஸ், லெனின், தொழிற்கட்சியின் முன்னோடி கெய்ர் ஹார்டி ஆகிய மூவரின் முகங்கள்.

அவ்வூர்த் தலைவர் வில் லாதரும், பிளேடன் நகர்ப்புற ஊராட்சியின் தலைவர் ஹாரி போல்ட்டனும் உணவு வண்டியை மறித்த வழக்கில் சிக்கினார்கள். ஆளுக்கு 50 பவுண்டு அபராதம், கட்டாவிட்டால் இரண்டு மாதச் சிறை. இருவரும் சிறைக்குப் போனார்கள். லாதரின் பிற்கால வாழ்க்கையை ஊர் அவ்வளவு எளிதில் சொல்வதில்லை. அவர் அகில பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார், 1949-இல் அரசர் கையால் சர் பட்டம் பெற்றார், இடதுசாரிகளைக் கடுமையாக எதிர்த்தார். 1926-இன் சாப்வெல்லைக் கொண்டாடும் எந்த நினைவும் இந்த மனிதரின் முழு உருவத்தையும் தாங்கியாக வேண்டும். பாதியை வெட்டினால் அது வரலாறாகாது.

மே 10, திங்கட்கிழமை. எடின்பரோவிலிருந்து லண்டனுக்குப் போகும் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் விரைவு ரயில் நார்தம்பர்லாந்தில் கிராம்லிங்டன் அருகே தடம் புரண்டது. மேற்கு கிராம்லிங்டன் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர், தண்டவாளப் பணியாளர்களின் கருவிகளை எடுத்து ஒரு தண்டவாளத்தைக் கழற்றியிருந்தார்கள். கருங்காலிகள் ஓட்டும் நிலக்கரி ரயிலை நிறுத்துவது அவர்கள் எண்ணம். வந்ததோ பயணிகள் ரயில். எச்சரிக்கை கிடைத்து வண்டி மெதுவாக வந்ததால் 281 பயணிகளில் ஒருவரும் உயிரிழக்கவில்லை.

பல வாரம் போலீஸார் அந்த ஊர்களைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். உடன் இருந்தவர்களில் சிலர் அரசுத் தரப்புச் சாட்சியானார்கள். நியூகாசில் நீதிமன்றம் எட்டுப் பேரைத் தண்டித்தது. மூவருக்கு எட்டு ஆண்டு, இருவருக்கு ஆறு, மூவருக்கு நான்கு. பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களை விடுவிக்க இயக்கம் நடந்தது, தண்டனைக் காலம் முடியும் முன்பே எல்லோரும் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவரான பில் மக்கிள் முதுமையில் தன் நினைவுகளை நூலாக எழுதினார். தான் செய்ததற்கு வருந்தவில்லை என்பதே அந்த நூலின் தலைப்பு.

ஒரு பயணிகள் ரயிலைக் கவிழ்த்ததை எவரும் நியாயப்படுத்த முடியாது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது தற்செயல். ஆனால் அதே மே 10-ஆம் தேதி எடின்பரோவின் செயின்ட் மார்கரெட்ஸ் அருகே, அனுபவமில்லாத கைகளில் இயங்கிய பாதையில் ஒரு பயணிகள் ரயில் சரக்கு ரயிலோடு மோதி மூவர் இறந்தார்கள். தெற்கே பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டில் அன்றே நடந்த இன்னொரு விபத்தில் ஒருவர் இறந்தார். ஒருவரும் சாகாத கிராம்லிங்டன் தேசத்தின் நினைவில் குற்றமாகப் பதிந்தது. நால்வர் இறந்த இரண்டு விபத்துகளும், தன்னார்வலர்கள் சிரித்த முகத்தோடு ரயில் ஓட்டிய படங்களுக்குப் பின்னால் மறைந்தன. நினைவு என்பது நடந்தவற்றின் தொகுப்பாக மட்டும் இருப்பதில்லை. யாருடைய படம் அச்சானது என்பதும் அதில் கலந்திருக்கிறது.

கிராம்லிங்டன் வட்டாரத்தில் இந்தச் சம்பவம் நீண்ட காலம் தாழ்ந்த குரலில்தான் பேசப்பட்டது. சாட்சி சொன்னவர்களின் குடும்பங்களும் சிறை சென்றவர்களின் குடும்பங்களும் அதே வட்டாரத்தில்தான் வாழ வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பிபிசி ஆவணப்படத்துக்காகச் சம்பந்தப்பட்டவர்களே வாய்திறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது வடகிழக்கின் மேடைகளில் நாடகமாகவும் வந்தது.

மே 12 நண்பகல், டி.யு.சி. தலைவர்கள் டவுனிங் தெருவுக்குப் போய் வேலைநிறுத்தத்தை வாபஸ் பெறுவதாகப் பிரதமரிடம் சொன்னார்கள். சாமுவேல் தனிப்பட்ட முறையில் எழுதித் தந்த குறிப்பு ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்தது. அரசு அதற்குக் கட்டுப்படவில்லை, சுரங்கத் தொழிலாளர் சங்கம் அதை ஏற்கவும் இல்லை. பழிவாங்கல் இருக்காது என்ற உறுதிமொழிகூட வாங்கப்படவில்லை. பல ஊர்களின் குழுக்கள் முதலில் இதை வெற்றி என்றே நினைத்தன. விவரம் தெரிந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சியில், மறுநாள் வேலைக்குப் போகாதவர்களின் எண்ணிக்கை முன்பைவிடக் கூடியது. ரயில்வே சங்கங்கள், வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது கம்பெனிகளுக்கு இழைத்த தவறு என்று எழுதிக் கொடுத்த பிறகே தங்கள் ஆட்களை உள்ளே அனுப்ப முடிந்தது. அப்படியும் பலருக்கு மாதக்கணக்கில் வேலை கிடைக்கவில்லை. அவசரகாலச் சட்டத்தின் கீழும் கலவர வழக்குகளிலும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது வழக்கு நடந்தது.

அந்த வழக்குகளின் வரிசையில் முதலில் நிற்பவர்களில் ஒருவர் இந்தியர். லண்டன் பாட்டர்சீ வடக்குத் தொகுதியின் கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் ஷாபுர்ஜி சக்லத்வாலா, மே தினத்தன்று ஹைட் பார்க்கில் பேசினார். தொழிலாளர்கள் மீது சுட வேண்டாம் என்று படைவீரர்களைக் கேட்டுக்கொண்டதற்காகக் கைதானார். நன்னடத்தைப் பிணை தர மறுத்ததால் இரண்டு மாதம் சிறையில் இருந்தார். மறு ஆண்டு இந்தியா வந்தபோது சென்னைக்கும் வந்து கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலரைச் சந்தித்தார். அதற்கடுத்த ஆண்டு, 1928 ஜூலையில், லண்டனில் பதிவான கம்பெனியான தென்னிந்திய ரயில்வேயில் நாகப்பட்டினம், பொன்மலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்ட பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார்.

ஒன்பது நாள் முடிந்த பின்னும் சுரங்க ஊர்கள் தனியே நின்றன. ஜூலையில் நாடாளுமன்றம் சுரங்க வேலை நேரத்தை நாளுக்கு ஏழு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் வரை நீட்டிக்கச் சட்டம் செய்தது. சங்கத்திடம் கையிருப்பு தீர்ந்திருந்தது. டர்ஹாமில் பசியோடு நடந்த போராட்டத்தின் களம் சுரங்க வாசலிலிருந்து ஏழையர் உதவி வாரியங்களுக்கு மாறியது.

அந்த வாரியங்களின் வேலைமுறையைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் ஒன்று உள்ளூர் வரியிலிருந்து வறியோருக்கு உதவித்தொகை கொடுத்துவந்தது. வேலைநிறுத்தத்தில் இருக்கும் உடல்திடமான ஆணுக்கு உதவி கிடையாது, ஆனால் அவன் மனைவி மக்களுக்குத் தரலாம் என்று 1900-இல் மெர்தர் டிட்ஃபில் வழக்கின் தீர்ப்பு சொல்லியிருந்தது. 1926 மே 5-இல் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மனைவிக்கு வாரம் 12 ஷில்லிங், குழந்தைக்கு 4 ஷில்லிங், அதற்கு மேல் தர வேண்டாம். இதனால் மணமாகாத இளைஞனுக்கு ஒன்றுமே இல்லாமல் போனது. பெற்ற தாய் தன் பங்கைப் பிட்டுத் தரவேண்டும்.

டர்ஹாம் மாவட்டத்தின் செஸ்டர்-லீ-ஸ்ட்ரீட் வாரியத்தில் தொழிற்கட்சிக்காரர்களே பெரும்பான்மை. சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களின் மனைவியரும் உறுப்பினர்களாக இருந்தார்கள். பசித்தவர்களைத் திருப்பி அனுப்பும் மனம் அவர்களுக்கு இல்லை. சட்டம் அனுமதித்ததைவிடத் தாராளமாகவே கொடுத்தார்கள். சுகாதார அமைச்சர் நெவில் சேம்பர்லின் இப்படிப்பட்ட வாரியங்களுக்கு எதிராக ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆகஸ்ட் இறுதியில் அந்த வாரியம் கலைக்கப்பட்டு, அமைச்சகம் நியமித்த ஆட்கள் வந்து அமர்ந்தார்கள். உதவித்தொகை கடுமையாக வெட்டப்பட்டது. தேர்ந்தெடுத்த அமைப்பைக் கலைத்துவிட்டுப் பசியைக் கருவியாக்கிய இந்தச் செயல், என் பார்வையில், அந்த ஆண்டின் மிகக் கொடிய அத்தியாயம். பிரிட்டிஷ் கெஜட்டையும் மாணவர்கள் ஓட்டிய ரயிலையும் பற்றி ஏடுகள் எழுதிய பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

ஊர்கள் பெண்களின் கைகளால் பிழைத்தன. தேவாலயக் கூடங்களிலும் சங்க மண்டபங்களிலும் பள்ளிகளிலும் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. டர்ஹாம் மாவட்டக் கவுன்சில் தொழிற்கட்சியின் கையில் இருந்ததால், சட்டத்தில் இருந்த பள்ளி உணவு ஏற்பாட்டைப் பயன்படுத்திப் பிள்ளைகளுக்குச் சோறு போட முடிந்தது. அந்தக் கவுன்சிலின் தலைவர் பீட்டர் லீ, பத்து வயதில் சுரங்கத்துக்குப் போனவர். நாடளவில், மேரியன் ஃபிலிப்ஸும் எல்லன் வில்கின்சனும் முன்னின்ற பெண்கள் நிவாரணக் குழு மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. பால், துணி, கர்ப்பிணிகளுக்கான உதவி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குக் காலணி. சோவியத் தொழிற்சங்கங்கள் அனுப்பிய பத்து லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட தொகை சுரங்கச் சங்கத்துக்கு வந்தது. அந்தப் பணத்தைத் தொட டி.யு.சி. மறுத்திருந்தது. குவித்து வைத்த கழிவு மேடுகளில் பெண்களும் பிள்ளைகளும் கரித்துண்டு பொறுக்கினார்கள். அதற்கும் வழக்கு வந்தது.

நாட்டிங்ஹாம்ஷையரில் ஜார்ஜ் ஸ்பென்சர் முதலாளிகளோடு தனியாக ஒப்பந்தம் போட்டுப் போட்டிச் சங்கம் தொடங்கினார். ஒரு மாவட்டத்துக்குப் பின் இன்னொன்றாகப் பிடி தளர்ந்தது. நவம்பர் இறுதியில், குறைந்த கூலிக்கும் நீண்ட நேரத்துக்கும் தலைகுனிந்து இறங்கினார்கள். எல்லோரையும் சுரங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 1927-இல் வந்த தொழில் தகராறுச் சட்டம் ஆதரவு வேலைநிறுத்தத்தையே சட்டவிரோதமாக்கியது. 1946-இல் தொழிற்கட்சி அரசு ரத்து செய்யும்வரை அது நீடித்தது. அந்த ரத்தைப் பார்க்க ஏ. ஜே. குக் இல்லை, 1931-லேயே இறந்துவிட்டார்.

இவ்வளவையும் யார் நினைவில் வைத்தது? டர்ஹாமில் முதல் விடை, ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் சுரங்கத் தொழிலாளர் விழா. 1871-இல் தொடங்கியது, ஊர்வழக்கில் பிக் மீட்டிங். ஒவ்வொரு சுரங்கச் சங்கமும் தன் வாத்தியக் குழுவோடும் பட்டுப் பதாகையோடும் நகருக்குள் வரும். நம் திருவிழாக்களில் ஒவ்வொரு தெருவும் தன் சப்பரத்தோடு வந்து சேருவதை நினைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டில் சுரங்க விபத்தில் ஆள் இழந்த ஊர், பதாகைமேல் கறுப்புத் துணி போர்த்தி வரும். 1926-இல் டர்ஹாமில் விழா நடக்கவில்லை. பர்ன்ஹோப் என்ற சுரங்க ஊரில் மக்கள் தாங்களே கூடினார்கள்.

பதாகைகள் வரலாற்று ஏடுகளின் வேலையைச் செய்தன. வார்ட்லியில் இருந்த ஃபாலன்ஸ்பி சுரங்கத்தின் பதாகை லெனின், அயர்லாந்தின் ஜேம்ஸ் கானலி, ஏ. ஜே. குக், கெய்ர் ஹார்டி ஆகியோரோடு உள்ளூர்த் தலைவர் ஜார்ஜ் ஹார்வியையும் தாங்கியது. உலகப் புரட்சியாளர் நடுவில் பக்கத்துத் தெருக்காரர். தன் தலைவரை அந்த வரிசையில் வைக்க அந்த ஊர் யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை.

வடகிழக்கின் கடைசி ஆழ்சுரங்கமான எலிங்டன் 2005-இல் மூடப்பட்டது. டர்ஹாமில் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. விழா நிற்கவில்லை. சுரங்கமே இல்லாத ஊர்களில் பழைய பதாகைகளைச் செப்பனிடவும், கிழிந்துபோனவற்றுக்குப் பதிலாகப் புதிதாக வரையவும் ஊர்க்காரர்கள் குழு அமைத்துப் பணம் திரட்டுகிறார்கள்.

இரண்டாவது விடை, வாய்மொழி. 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நடந்த சுரங்க வேலைநிறுத்தத்தில் மீண்டும் பொதுச் சமையலறைகள் திறந்தபோது, 1926-ஐச் சிறுமியராகப் பார்த்த பாட்டிமார் இன்னும் உயிரோடு இருந்தார்கள். நாட்டிங்ஹாம்ஷையரில் மீண்டும் ஒரு தனிச்சங்கம் பிரிந்தபோது ஸ்பென்சரின் பெயர் அறுபது ஆண்டுத் தூசியை உதறிக்கொண்டு எழுந்தது. உள்ளூர் நினைவு எச்சரிக்கையாகவும் செயல்படும், பகையைக் கட்டிக்காக்கவும் செய்யும். இரண்டையும் இந்த ஊர்களில் காணலாம்.

மூன்றாவது விடை, ஆய்வாளர்கள். 1976-இல் ஐம்பதாம் ஆண்டு வந்தபோது மார்கரெட் மாரிஸின் நூலும், ஜெஃப்ரி ஸ்கெல்லி தொகுத்த நூலும் வட்டார ஆய்வுகளுக்கு இடம் தந்தன. தெற்கு வேல்ஸில், மூடப்படும் சுரங்கங்களின் சங்க நூலகங்களைக் காப்பாற்ற 1973-இல் சுவான்சியில் சுரங்கத் தொழிலாளர் நூலகம் தொடங்கியது. முதியவர்களின் குரல்கள் அங்கே ஒலிப்பதிவாயின. ஆனால் அன்று கேட்டவர்கள் பெரும்பாலும் வேலைநிறுத்தக் குழு, மறியல், தலைமையின் துரோகம் என்றே கேட்டார்கள். பதில் சொன்னவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அடுப்படியின் கதை தள்ளியே நின்றது. 2010-இல்தான் தெற்கு வேல்ஸ் பற்றி சூ புரூலியும், டர்ஹாம் பற்றி ஹெஸ்டர் பாரனும் எழுதிய இரு நூல்கள், குடும்பம், பள்ளி, தேவாலயம், உதவித்தொகை என்று கதவடைப்பின் அன்றாடத்துக்குள் போயின. பாரனின் ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. ஒரே குரலில் நின்ற சமூகம் என்ற பெருமிதச் சித்திரத்துக்குள் மதம், கட்சி, சுரங்கத்துக்குள் செய்த வேலை என்று பல பிளவுகள் இருந்தன. அவற்றோடு சேர்ந்தே ஏழு மாதம் நின்றார்கள் என்பது அவர்கள் மதிப்பைக் கூட்டுகிறது.

2026 மே மாதத்தோடு நூறாண்டு. லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள டி.யு.சி. நூலகமும், வாரிக் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகமும் அந்த ஒன்பது நாள்களின் தாள்களைப் பேணுகின்றன. வாரிக் பலவற்றை எவரும் பார்க்கும்படி மின்வடிவில் தந்திருக்கிறது. நூற்றாண்டைப் பேசுபவர்கள் மே 12-இல் நிறுத்திக்கொண்டால், பிளிமத் கால்பந்து மறுபடியும் முதலிடத்துக்கு வந்துவிடும். செஸ்டர்-லீ-ஸ்ட்ரீட் வாரியம் கலைக்கப்பட்டதன் நூறாம் ஆண்டு ஆகஸ்ட் முடிவில் வருகிறது. சுரங்கத்துக்கு மீண்டும் இறங்கிய நாளின் நூறாம் ஆண்டு நவம்பர் முடிவில். 12 ஷில்லிங்கும் 4 ஷில்லிங்கும் வாங்க வரிசையில் நின்ற பெண்களின் பேரப்பிள்ளைகள் அந்த மாவட்டத்தில் இன்னும் வாழ்கிறார்கள். கேட்க வேண்டிய கதைகள் பல அவர்கள் வீடுகளில்தான் இருக்கின்றன.